ஒப்பித்தல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாரம் ஒரு புத்தகம் வாசிக்கிறேன். பிடித்த வரிகளை மஞ்சள் மார்க்கரால் கோடிட்டு வைக்கிறேன். ஒரு மாதம் போனால் எதுவும் நினைவில் இல்லை. ‘அதுல என்னடா கதை?’ என்று அம்மா கேட்டால் முழிக்கிறேன். ‘உனக்குப் புரியாதும்மா’ என்று சமாளிக்கிறேன். வயது 38. ஞாபகசக்திக்கு மாத்திரை சாப்பிடலாமா? செல்போன்தான் காரணமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மாத்திரையை டாக்டரிடம் கேளுங்கள். செல்போனைத் திட்ட ஊரே இருக்கிறது. என்னைக் குத்தியது அந்த மஞ்சள் மார்க்கர். என் அலமாரியிலும் பாதிப் புத்தகங்கள் மஞ்சள் பூசித்தான் கிடக்கின்றன.

2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு பத்திகள், ஒன்று சூரியனைப் பற்றி, மற்றது கடல் நீர்நாயைப் பற்றி. ஒன்றை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். மற்றதை ஒரு தடவை வாசித்து மூடிவிட்டு, ஞாபகம் இருப்பதை எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டு தடவை வாசித்ததுதான் முந்தியது: வாசித்தது 81 சதவீதம், எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்து? வாசித்தது 42, எழுதிப் பார்த்தது 56. அடுத்த சோதனையில் ஒரு வேடிக்கை. தனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது, திரும்பத் திரும்ப வாசித்த கூட்டம்தான்.

கோடிட்ட வரியை மறுபடி பார்ப்பது, தெருவில் தெரிந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி. பெயரைக் கேட்டால் வராது.

இதற்கெல்லாமா ஆராய்ச்சி என்று கேட்டிருப்பாள் என் ஆச்சி. எழுதப் படிக்கத் தெரியாதவள். சாயங்காலம் முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி, ‘ஏலே, புஸ்தகத்த மூடிட்டுச் சொல்லு’ என்பாள். வரலாற்றுப் பாடத்தை ஒப்பிப்பேன். நான் திக்கினால் கீரை ஆயும் கையும் நிற்கும். எடுத்துக்கொடுக்க அவளுக்குத் தெரியாது, புத்தகத்தைத் திறக்கவும் விடமாட்டாள். ‘யோசி, வரும்.’ ஒருநாள் மறந்துபோய், ஒரு ராஜாவை நானாக ஜெயிக்கவைத்தேன். ‘நேத்து அவன் தோத்துல்லா போனான்?’ என்றாள்.

மனப்பாடத்தைக் கேலி செய்து நானும் நிறைய எழுதியிருக்கிறேன். அர்த்தம் தெரியாமல் உருப்போடுவதை இன்னமும் கேலி செய்வேன். ஒப்பிப்பது வேறு. எதிரே ஒரு ஆள் காத்திருக்க, உள்ளே கிடப்பதைத் தேடி இழுத்து வெளியே போடுவது அது. திக்குகிற அந்த நேரத்தில்தான் வேலையே நடக்கிறது.

உங்கள் வீட்டில் கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கிறார், அதுவும் தானாக வந்து கேட்கிறார். அவரிடம் போய் ‘உனக்குப் புரியாது’ என்கிறீர்கள்! புரியாதது யாருக்கு, எஸ்? நாளைக்கு அம்மா காய் நறுக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். முதல் நாள் மூன்று நிமிடத்தில் கதை தீர்ந்துவிடும், பரவாயில்லை. அப்புறம், புத்தகத்தை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.