முதல் கார்: பழைய டீசல் செடானா, சின்ன பெட்ரோல் காரா?

கேள்வி: எனக்கு 23 வயது. லைசென்ஸ் எடுத்து நான்கு மாதம் ஆகிறது. வீடு முடிச்சூர், வேலை கிண்டியில். கையில் மூன்று லட்சம் இருக்கிறது. 2014 டீசல் செடான் 2.80 லட்சத்துக்கும், 2019 ஆல்ட்டோ 2.60 லட்சத்துக்கும் வருகின்றன. அண்ணன் செடானையே எடுக்கச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: ஆல்ட்டோவையே பாருங்கள். தினமும் போக வர 40 கிலோமீட்டர்தான். அதற்கு டீசல் தேவையில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய டீசல் காரில் இன்ஜெக்டரிலோ டர்போவிலோ ஒருமுறை கை வைத்தால், டீசலில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே போய்விடும். 2.80 கொடுத்தபின் மிஞ்சும் 20 ஆயிரம் நான்கு டயர் மாற்றினாலே கரைந்துவிடும்.

புதிய கார்களுக்கு, பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலும், ஓட்டுநர் பக்க ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையிலும் கட்டாயமாயின. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். ஜூலைக்குப் பிந்தையது என்றால் இரண்டும் இருக்கும், நிம்மதி. ஏ.பி.எஸ். இருந்தால் ஈரச் சாலையில் சடாரென்று பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. புதிதாக ஓட்டுபவருக்கு இது பெரிய துணை.

இனி முக்கியமான விஷயம். முடிச்சூர்க்காரருக்கு வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2015-இல் சென்னையில் நின்றிருந்தால் அந்தச் செடான் மூழ்கியிருக்கலாம். 2023 மிக்ஜாமில் ஆல்ட்டோவும்தான். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சீட்டைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் அடிப்பகுதியை விட்டுவிடுவார்கள். என் தம்பிக்காகப் பார்க்கப்போன ஒரு காரில், உள்ளே சுருண்டிருந்த அந்த ஒரு சாண் நாடாவில் காய்ந்த சேறு கோடு போட்டிருந்தது. கார் என்னவோ ஷாம்பூ வாசனை அடித்தது! அப்படியே திரும்பி வந்துவிட்டோம். சீட்டுக்கு அடியில் போல்ட் துருவையும், ஸ்டெப்னி வைக்கும் குழியையும் பாருங்கள். அப்புறம் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போங்கள். விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம்.

ஆர்.சி.யில் பைனான்ஸ் இருந்தால், கடன் முடிந்தது என்று பேங்க் தரும் என்.ஓ.சி. வந்தபிறகே முழுப் பணம் கொடுங்கள். ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றும் பாரம் 29, 30-இல் விற்பவர் கையெழுத்து வேண்டும். 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிளெய்ம் எடுக்காததற்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருக்குத்தான், காரோடு வராது. அதைக் காட்டி விலை ஏற்றினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.