ஜெர்மனியில் சப்ளை செயின் எம்.எஸ்சி. படித்தால் லாஜிஸ்டிக்ஸ் வேலை கிடைக்குமா?

மெக்கானிக்கல் பி.இ., சென்னையில் சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் டாக்குமென்டேஷன் வேலை, சிஜிபிஏ 7.4, ஜெர்மன் தெரியாது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இப்போது பார்க்கும் வேலையையே அங்கே நல்ல சம்பளத்தில் பார்க்கலாம் என்பது உங்கள் கணக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்குதான் இடிக்கிறது.

ஜெர்மன் ஃபார்வர்டிங் ஆபீஸில் லாரி ஏற்பாடு, புக்கிங், கஸ்டம்ஸ் எல்லாம் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் மாஸ்டர்ஸ் படித்தவர்கள் இல்லை. பள்ளி முடித்து 'ஆஸ்பில்டுங்' என்ற தொழிற்பயிற்சியில் 3 வருடம் அந்த ஆபீஸிலேயே வேலை கற்றவர்கள். டிரைவரிடம் பேசுவது, கஸ்டமருக்குப் பதில் சொல்வது, 'அட்லாஸ்' கஸ்டம்ஸ் சிஸ்டத்தில் பதிவு போடுவது எல்லாமே ஜெர்மன். அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைக்கக் கம்பெனிக்குக் காரணமே இல்லை.

மாஸ்டர்ஸ்காரருக்கான இடம் வேறு: இன்வென்டரி பிளானிங், சரக்குச் செலவு அனாலிசிஸ், கிடங்குகளை எந்த ஊரில் வைப்பது என்ற நெட்வொர்க் திட்டம், எஸ்ஏபி இடபிள்யூஎம் போன்ற கிடங்கு மென்பொருளை நிறுவுவது. இந்த வேலைகள் ஃபார்வர்டர்களைவிட கார், கெமிக்கல், சில்லறை வணிகக் கம்பெனிகளிலும் கன்சல்டிங்கிலும்தான் அதிகம். அதற்கு வேண்டியது எஸ்கியூஎல், பவர் பிஐ போன்ற டேட்டா கருவிகள், கொஞ்சம் பைத்தான் புரோகிராமிங், அத்தோடு தடையில்லாமல் பேசும் பி2 அளவு ஜெர்மன். 'ஆங்கிலத்தை மட்டும் வைத்தே எனக்கு வேலை கிடைத்தது' என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு: இருக்கலாம், பெரிய கம்பெனிகளின் ஐடி பக்கத்தில் நடக்கிறதுதான். அதை நம்பி ஒருவரைக் கடன் வாங்கச் சொல்ல என்னால் முடியாது.

அட்மிஷனில் முதல் சிக்கல் மார்க். ஜெர்மன் கிரேடில் எண் குறையக் குறைய நல்லது. கணக்கு இதுதான்: அதிகபட்ச மார்க்கில் உங்கள் மார்க்கைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3 ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். பாஸ் 5 என்றால் 7.5க்கு 2.5 வரும், உங்கள் 7.4க்கு 2.56. பல கோர்ஸ்களில் கட்-ஆஃப் 2.5. அரைப் புள்ளிகூட இல்லாத வித்தியாசத்தில் வெளியே நிற்பீர்கள், அதனால் கட்-ஆஃப் போடாத கோர்ஸ்களையும் சேர்த்தே தேடுங்கள்.

இரண்டாவது சிக்கலைப் பலர் பார்ப்பதே இல்லை. மேனேஜ்மென்ட், புள்ளியியல், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பாடங்களில் இத்தனை ஈசிடிஎஸ் (ஐரோப்பிய கிரெடிட்) வேண்டும் என்று கோர்ஸ் விதியில் இருக்கும். 4 வருட பி.இ.யை 240 ஈசிடிஎஸ் என்று கொண்டால் நம் 3 கிரெடிட் பாடம் ஏறக்குறைய 4தான். பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்டும் டிக்யூஎம் என்ற தர மேலாண்மைப் பாடமும் சேர்த்தே 8. விதியில் 30 கேட்டால் மார்க் எவ்வளவு இருந்தாலும் ரிஜெக்ட். விண்ணப்பிக்கும் முன் பாடவாரியாக ஒரு எக்செல் போட்டுப் பாருங்கள்.

கேட்காத விஷயம், இருந்தாலும் சொல்லாமல் போக முடியவில்லை. இந்தச் சரிபார்ப்புக்கு பாடத்திட்டமும் டிரான்ஸ்கிரிப்ட்டும் வேண்டும். கட்டணத்தை வாங்கிக்கொண்டு, 'அடுத்த வாரம் வாங்க' என்று மாணவனை அலையவிடும் கல்லூரி ஆபீஸ்கள் எத்தனை! அவர்கள் கையெழுத்துக்காக ஒருவனின் ஒரு வருடம் போகிறது, கேட்க ஆளில்லை. ஏஜென்டுகளும் சளைத்தவர்கள் இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தில் கமிஷன் கிடையாது என்பதால் தனியாரைத்தான் காட்டுவார்கள். தனியார் எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. ஹாம்பர்க்கின் கூனே லாஜிஸ்டிக்ஸ் யூனிவர்சிட்டி தனியார்தான், இந்தத் துறைக்கென்றே 2010இல் தொடங்கியது. எதுவானாலும் ஜெர்மன் அரசு அங்கீகாரம் இருக்கிறதா பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

செலவு: உங்கள் இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பம் வாங்கும் யூனி-அசிஸ்ட் வழியே முதல் விண்ணப்பம் 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்தது 30. விசாவுக்காக வாழ்க்கைச் செலவுப் பணத்தைப் போட்டுக் காட்டும் பிளாக்டு அக்கவுன்ட் 11,904 யூரோ, மாதம் 992 வீதம் எடுக்கலாம். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணம் தனி.

ஊரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் 'வெர்க்ஷ்டுடென்ட்' என்ற மாணவர் பகுதிநேர வேலை பார்க்கலாம்; நிரந்தர வேலைக்கு அதுதான் கதவு. ஹாம்பர்க், பிரேமன், டூயிஸ்புர்க் போன்ற துறைமுக ஊர்கள் பக்கம் அந்த விளம்பரங்கள் வரும். சின்ன ஊரில் வாடகை மிச்சம், அனுபவம் பூஜ்யம். டார்ட்மண்டில் ஃப்ரான்ஹோஃபர் என்ற ஆராய்ச்சி அமைப்பின் லாஜிஸ்டிக்ஸ் ஆய்வு நிலையமே இருக்கிறது, ஆனால் அங்குள்ள டெக்னிக்கல் யூனிவர்சிட்டியின் லாஜிஸ்டிக்ஸ் மாஸ்டர்ஸ் ஜெர்மனில் நடப்பது. தீசிஸையும் கம்பெனியில் செய்யப் பாருங்கள். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். பட்டதாரி வேலைக்கான குடியிருப்பு அனுமதியான புளூ கார்டுக்குப் புதுப் பட்டதாரி காட்டவேண்டிய ஆண்டுச் சம்பளம் 2025இல் 43,759.80 யூரோவாக இருந்தது.

அடுத்த அக்டோபர் இலக்கு என்றால் இந்த மாதமே ஜெர்மன் மொழியின் ஆரம்ப நிலையான ஏ1 வகுப்பில் சேருங்கள், ஏபிஎஸ்ஸுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். சில கோர்ஸ்கள் ஜூலை 15 வரை வாங்கும், பல அதற்கு மாதங்கள் முன்பே மூடிவிடும். வேலையை விடும்போது வெறும் 'டாக்குமென்டேஷன் எக்ஸிக்யூட்டிவ்' என்று அனுபவச் சான்றிதழ் வாங்காதீர்கள். எஃப்சிஎல்லா (முழு கன்டெய்னர்) எல்சிஎல்லா (பகிர்ந்த கன்டெய்னர்), மாதம் எத்தனை ஷிப்மென்ட், எந்த மென்பொருள், எந்த நாடுகளுக்கு என்று ஹெச்ஆரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள்.