பென்சில்வேனியாவில் வாங்கிய துப்பாக்கி பெர்மிட்டோடு நியூ ஜெர்சிக்குப் போகலாமா?

கேட்டவர் பென்சில்வேனியாவில் ஆலன்டவுன் பக்கம் குடியிருக்கிறார். க்ரீன் கார்டு வந்துவிட்டது. கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல கவுன்டி ஷெரிஃப் கொடுத்த லைசென்ஸும் இருக்கிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கும், அங்கேயே எடிசனில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் அடிக்கடி காரில் போகிறவர். "டிரைவிங் லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்லுகிறதே, இதுவும் அப்படித்தானே?" என்பது கேள்வி.

அப்படி இல்லை. ஈஸ்டன் தாண்டி, இரண்டு மாநிலத்துக்கும் எல்லையான டெலவேர் ஆற்றைக் கடந்ததும் அந்த லைசென்ஸ் செல்லாது. தயவுசெய்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நானும் அதே பகுதிக்காரன். நூலிழையில் தப்பித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2016-ல் ஒரு கேஸ் ஸ்டேஷனை இரவில் மூடி, அன்றைய வசூலை எடுத்துக்கொண்டு வரும் வேலை எனக்கு. அதற்காகத்தான் லைசென்ஸ் வாங்கினேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு களைப்பில் துப்பாக்கியை உறையோடு காரின் நடு கன்சோலில் போட்டுவிட்டு, எடுக்காமலே வீட்டுக்குள் போய்விட்டேன். மறுநாள் காலை எடிசனில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்று காத்திருந்தார்கள். 78-ஆம் நெடுஞ்சாலையில் ஈஸ்டனை நெருங்கும்போது பின் இருக்கையில் இருந்த மகள் மூக்கைத் துடைக்க டிஷ்யூ கேட்டாள். என் மனைவி கன்சோலைத் திறந்தவர், ஒன்றும் பேசாமல் மூடினார். "ஏங்க, அடுத்த எக்ஸிட்ல இறங்குங்க" என்றார். பாலத்துக்கு முன்னால் இருக்கும் கடைசி எக்ஸிட் அது. இறங்கி, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பி, பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு மறுபடி கிளம்பினோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முகூர்த்த நேரம் முடிந்துவிட்டது. குழந்தையைத் தங்கையின் மாமனார் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னமும் உண்டு. ஆனால் அந்த எக்ஸிட்டில் இறங்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பிறகு சட்டத்தைப் படித்தபோதுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

நியூ ஜெர்சியில் அந்த மாநிலத்தின் பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது இரண்டாம் நிலைக் குற்றம். 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. அதில் குறைந்தது 42 மாதம் பரோலே கிடையாது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 2013 அக்டோபரில் நடந்ததைப் பாருங்கள். தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். இரண்டு முறை கொள்ளைக்கு ஆளானதால் துப்பாக்கியும் பென்சில்வேனியா லைசென்ஸும் வாங்கியிருந்தார். அட்லான்டிக் சிட்டி பக்கம் ஒரு சாதாரண போக்குவரத்து விதிமீறலுக்காக வண்டியை நிறுத்திய காவலரிடம், "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது" என்று தானாகவே சொன்னார். உண்மையைச் சொன்ன அந்த இடத்திலேயே கைது. 40 நாளுக்கு மேல் சிறையில் இருந்தார். வேலை போனது. பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், 2014 செப்டம்பரில் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர், வெளிமாநிலத்தவர் விவரம் தெரியாமல் செய்த இப்படிப்பட்ட வழக்குகளில் அரசு வழக்கறிஞர்கள் கடுமை காட்டத் தேவையில்லை என்று வழிகாட்டுதல் கொடுத்தார். 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அந்தப் பெண்ணுக்கு மன்னிப்பு வழங்கினார். நியாயம் கடைசியில் கிடைத்தது, சரி. ஆனால் உங்களுக்காக ஆளுநர் வரை யார் போவார்கள்?

இதைவிடப் பெரிய விஷயம் உங்கள் க்ரீன் கார்டு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஒருவர் துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாகத் தண்டிக்கப்பட்டால், குடிவரவுச் சட்டப்படி அதுவே நாடு கடத்தப் போதுமான காரணம். நிரந்தரக் குடியிருப்பு என்ற பெயர் இங்கே காப்பாற்றாது. யாரையும் சுட்டிருக்க வேண்டும், மிரட்டியிருக்க வேண்டும் என்பதும் இல்லை, வைத்திருந்ததே போதும். குடியுரிமை பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் செய்யும் அதே தவறுக்கு நமக்கு இரண்டு தண்டனை.

ஏன் ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தின் பெர்மிட்டை ஏற்க மறுக்கிறது? தகுதி விதிகள் அவ்வளவு வித்தியாசப்படுகின்றன. நம் பக்கம் 21 வயது, பின்னணிச் சோதனை, 20 டாலர். ஷெரிஃப் 45 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும், கிடைத்தால் 5 ஆண்டு செல்லும். துப்பாக்கியைக் கையாளத் தெரியுமா என்று யாரும் சோதிப்பதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பயிற்சி, நன்னடத்தைக்குச் சாட்சி சொல்பவர்கள், 200 டாலர் கட்டணம், 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல். அவர்கள் நம் லைசென்ஸை நம்பாததில் ஒரு தர்க்கம் இருக்கத்தான் செய்கிறது. அதற்காக, தெரியாமல் எல்லை தாண்டியவரை மூன்றரை வருடம் அடைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2022 ஜூனில் வந்த ப்ரூன் தீர்ப்போடு எல்லாம் மாறிவிட்டது என்று வாட்ஸாப் குழுக்களில் சொல்கிறார்கள். உச்ச நீதிமன்றம் அன்று சொன்னது வேறு: பெர்மிட் கேட்பவரிடம் "உனக்கு மட்டும் என்ன விசேஷத் தேவை?" என்று மாநிலம் கேட்கக் கூடாது என்றது. ஒரு மாநிலத்தின் பெர்மிட்டை இன்னொன்று ஏற்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பில் இல்லை. ஆனால் அதன் பலனாக இன்று வெளிமாநிலத்தில் வசிப்பவரும் நியூ ஜெர்சி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துப் பெற முடிகிறது. உங்களுக்கு அவசியம் என்றால் நேரான வழி அதுதான். எல்லா மாநிலமும் மற்றவற்றின் பெர்மிட்டை ஏற்க வைக்கும் மசோதா ஒன்று 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231-198 என நிறைவேறி, செனட்டில் அப்படியே கிடந்து போனது. 2025-லும் ஒன்று கொண்டுவந்தார்கள். சட்டமாகும் வரை அதை நம்பி வண்டியை எடுக்காதீர்கள்.

அப்புறம், "பூட்டி ட்ரங்கில் (கார் டிக்கியில்) வைத்தால் போகலாம்" என்று ஒரு பேச்சு உண்டு. 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்றைப் பாதி தெரிந்துகொண்டு சொல்வது அது. அந்தச் சட்டம் கேட்பது: தோட்டாவை வெளியே எடுத்த துப்பாக்கி, உட்கார்ந்திருப்பவர்கள் கைக்கு எட்டாத இடம். ட்ரங்க் இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டி (க்ளோவ் பாக்ஸும் கன்சோலும் கணக்கில் வராது). அதோடு, கிளம்பும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டிலும் அதை எடுத்துச் செல்ல உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். வெர்மான்ட்டுக்குப் போகிறவர் நியூ ஜெர்சி வழியாகக் கடந்து போகலாம். நீங்கள் எடிசனுக்கே போகிறீர்கள், அதனால் இந்தச் சட்டம் உங்களுக்கு உதவாது.

கடந்து போகிறவருக்கும் நிம்மதி இல்லை. 2005-ல் யூட்டாவிலிருந்து நம் ஆலன்டவுனுக்கே வந்துகொண்டிருந்த ஒருவர், நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் இணைப்புப் பயணத்தைத் தவறவிட்டு இரவு ஹோட்டலில் தங்கினார். துப்பாக்கி முறைப்படி பதிவு செய்த பெட்டியில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டி இரவு முழுக்க அவர் கைவசம் இருந்தது. மறுநாள் காலை விமான நிலையத்தில் அவரே விவரம் சொல்ல, கைது செய்தார்கள். குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று 2010-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நியூயார்க்கும் மேரிலாந்தும் நியூ ஜெர்சி போலத்தான், எந்த வெளிமாநில பெர்மிட்டையும் ஏற்பதில்லை. ஒஹாயோ பக்கம் போனால் சிக்கல் குறைவு. 2022 ஜூன் முதல் அங்கே 21 வயதானவருக்குப் பெர்மிட்டே தேவையில்லை. இருந்தாலும் பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1000 அடிக்குள் கூட்டாட்சித் தடை இருக்கிறது, அதில் விலக்கு அந்தந்த மாநிலமே கொடுத்த பெர்மிட்டுக்குத்தான். மிச்சிகனில் காவலர் நிறுத்தினால், துப்பாக்கி இருப்பதை அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லியாக வேண்டும்.

இதைப் படிக்கும் எச்-1பி, எல்-1, எஃப்-1 தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. நண்பர் கூப்பிட்டார் என்று சுடுதளத்தில் ஒருமுறை கையில் வாங்கிப் பார்ப்பதுகூட ஆபத்து. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டமே தடை போடுகிறது. மாநிலத்தின் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. தண்டனை 15 ஆண்டு வரை போகலாம்.

கேள்வி கேட்ட அண்ணாவுக்கு: துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டால் மட்டும் போதாது. 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் நியூ ஜெர்சியில் தடை. நாம் சாதாரணமாக வாங்கும் முனை குழிந்த தோட்டாவுக்கும் அங்கே கட்டுப்பாடு இருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் க்ளோவ் பாக்ஸ், கதவுப் பை, சீட்டுக்கு அடியில், குளிர்கோட்டுப் பாக்கெட் என்று கைவிட்டுத் துழாவிப் பார்ப்பேன். போன மாசி மாதம் பிரிட்ஜ்வாட்டருக்குக் கிளம்பும்போது கோட்டின் உள் பாக்கெட்டில் ஒற்றைத் தோட்டா கிடைத்தது.