அல்சருக்கு மூன்று வாரமாக ஒமெப்ரசோல் சாப்பிட்டும் எரிச்சல் குறையவில்லை. மாத்திரையை மாற்ற வேண்டுமா?

மாத்திரையை மாற்றுவதற்கு முன், போடும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். காலைச் சாப்பாடு முடிந்ததும் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல், ராபிப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். வயிற்றில் ஏற்கெனவே சுரந்து கிடக்கும் அமிலத்தை இவை ஒன்றும் செய்யாது. குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களுக்குக் கொல்லைப்புற வழியாகத்தான் போய்ச் சேரும். அங்கே அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்கும். ஆனால் ஓடுகிற பம்பில்தான் ஒட்டும், சும்மா கிடப்பதில் ஒட்டாது. இரவெல்லாம் காய்ந்த வயிற்றில் சாப்பாடு இறங்கும்போதுதான் பம்புகள் மொத்தமாக விழிக்கின்றன. அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். அதனால்தான் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு என்கிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் சாப்பாடே அதன் வழியை மறித்துவிடும். முன்னதாகப் போட்டுவிட்டு மதியம் வரை பட்டினி கிடந்தாலும் வீண்தான்.

முழு பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். எரிகிறபோது மட்டும் ஒன்று போடுவது இந்த மருந்துக்கு ஒத்துவராது. கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. மேல்பூச்சு உடைந்தால் வயிற்று அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும்.

உடனடி நிம்மதிக்கு, சுரந்த அமிலத்தைச் சமன்செய்யும் ஆன்டாசிட் திரவம் போதும். மக்னீசியம் உள்ளது வயிற்றை இளக்கும், அலுமினியம் உள்ளது மலச்சிக்கல் தரும். அதனால்தான் இரண்டையும் கலந்து விற்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இரண்டையுமே டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து, சில ஆன்டிபயாடிக்குகள் ஆகியவற்றை உடம்பில் சேரவிடாமல் ஆன்டாசிட் தடுக்கும் என்பதால், அவற்றுக்கும் இதற்கும் சில மணி நேர இடைவெளி வேண்டும்.

இரவில் எரிந்தால், அமிலச் சுரப்பைக் குறைக்கும் வேறு வகை மாத்திரையான ஃபமோடிடின் உதவும். தினமும் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு அதற்குப் பழகி, வேகம் குறையும். சுக்ரால்ஃபேட் அமிலத்தைக் குறைப்பதில்லை, புண்ணின் மேல் பசைபோல் படியும். அதையும் வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும்.

நேரம் சரியாக இருந்தும் தீராவிட்டால், புண் எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டில் ஒன்று: எச். பைலோரி கிருமி, அல்லது இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள். ஆஸ்பிரினும் இதில் சேர்த்தி, ஆனால் இதயத்துக்காகச் சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. கிருமி இருந்தால் அமிலக் குறைப்பு மாத்திரையோடு இரண்டு ஆன்டிபயாடிக், சில சமயம் பிஸ்மத் என்ற வயிற்று மருந்தும் சேர்த்து, பெரும்பாலும் 14 நாள் கொடுப்பார்கள். ஐந்தாம் நாள் நன்றாக இருக்கிறதே என்று விட்டால், மிஞ்சும் கிருமிக்கு அதே மருந்து அடுத்த முறை வேலை செய்யாமல் போகலாம். இன்னொன்று: ஒமெப்ரசோல் சாப்பிட்டுக்கொண்டே மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்தால், கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். டாக்டரிடம் சொல்லி இரண்டு வாரம் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

சிறுகுடல் புண் ஆற சுமார் 4 வாரமும், இரைப்பைப் புண் ஆற 8 வாரமும் ஆகும். இரைப்பைப் புண்ணில் எரிச்சல் அடங்கினாலும், ஆறியதா என்று மறுபடி எண்டோஸ்கோபி பார்க்கச் சொன்னால் தட்டாதீர்கள். சில புற்றுநோய்கள் சாதாரணப் புண் போலவே தெரியும். மாதக்கணக்கில் சாப்பிட்ட மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து சில வாரம் படுத்தும். அது நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமல்ல. டோஸைப் படிப்படியாகக் குறைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

பிஸ்மத், இரும்புச்சத்து மாத்திரை இரண்டுமே மலத்தைக் கறுப்பாக்கும், அதற்குப் பயம் வேண்டாம். தார்போலப் பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு கறுப்பாகப் போனாலோ, காப்பித்தூள் கலந்ததுபோல் வாந்தி வந்தாலோ, திடீரென்று வயிறு பலகைபோல் இறுகி வலித்தாலோ அது வேறு விஷயம். மாத்திரை தேடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.