ஜன கண மனவும் நம்ம மதனப்பள்ளியும்: பாட்டு டீச்சர் பதில்கள்

மதனப்பள்ளிப் பக்கம் 30 வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தவள் நான். சித்தூர் எல்லைத் தமிழ் மக்கள் தேசிய கீதம் பற்றிக் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நகரி மாணவர்: டீச்சர், ஜன கண மன மதனப்பள்ளியில் எழுதியதாமே?

இல்லை தம்பி. 1911 டிசம்பர் 27 அன்றே கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் அதைப் பாடிவிட்டார்கள். மதனப்பள்ளியின் பெருமை வேறு. 1919 பிப்ரவரியில் தாகூர் இங்கே பெசன்ட் தியசாபிகல் கல்லூரிக்கு வந்து தங்கினார். முதல்வர் ஜேம்ஸ் கஸின்ஸும் மாணவர்களும் சூழ்ந்திருக்க, தானே அதைப் பாடினார். 'ஜய ஹே' வரும்போதெல்லாம் எல்லோரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். பிப்ரவரி 28 அன்று அதன் ஆங்கில வடிவத்தையும் கைப்பட எழுதிக் கொடுத்தார். முதல்வரின் மனைவி மார்கரெட் கஸின்ஸ் மேல்நாட்டு இசை கற்றவர். மெட்டுக்கு ஸ்வரக் குறிப்பு எழுதியவர் அவர்தான். அந்தக் கல்லூரி வாசலைக் கடக்கும்போது இப்போதும் எனக்குச் சிலிர்க்கும்.

குப்பத்திலிருந்து ஒருவர்: ஜார்ஜ் மன்னரைப் புகழ்ந்த பாட்டு என்கிறார்களே?

தவறு. அந்த மாநாட்டில் மன்னரைப் புகழ்ந்து ஓர் இந்திப் பாட்டும் பாடப்பட்டது. ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டையும் குழப்பிவிட்டன. தாகூரே 1937இல் ஒரு கடிதத்தில் இதை மறுத்தார்: பாக்ய விதாதா என்பது காலங்காலமாக மக்களை வழிநடத்தும் சாரதி, எந்த ஜார்ஜும் அல்ல என்று. அதற்கு மேல் வாதம் எதற்கு?

சித்தூரிலிருந்து ஒரு அம்மா: மொத்தம் எத்தனை சரணம்?

ஐந்து. 1950 ஜனவரி 24 அன்று தேசிய கீதமானது முதலாவது மட்டும்.

பலமனேர் ஆசிரியை: என் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நிற்கிறான், ஆனால் பாடுவதில்லை. மதக் காரணமாம். கண்டிக்கலாமா?

வேண்டாம்மா. கேரளாவில் இப்படிப் பாடாமல் நின்ற மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம், மரியாதையாக எழுந்து நின்றால் அவமதிப்பு இல்லை என்று சொல்லி அவர்களைத் திரும்பச் சேர்க்க வைத்தது.

அதே ஆசிரியை: மற்ற பிள்ளைகள் ரொம்ப இழுக்கிறார்களே?

முழுக் கீதத்துக்குச் சுமார் 52 விநாடி. நான் முதலில் கடிகாரம் வைத்துப் பார்த்தபோது எங்கள் பிள்ளைகள் 70 விநாடி எடுத்தார்கள். 'விதாதா'வில் நின்று மூச்சு வாங்குவார்கள். அங்கேதான் நேரம் போகும்.

அப்புறம் உச்சரிப்பு. 'ஜலதித ரங்கா' என்று பிரித்துப் பாடுவார்கள். ஜலதி என்றால் கடல், தரங்கம் என்றால் அலை, நம் தரங்கம்பாடியில் இருக்கிற அதே தரங்கம். இதைச் சொன்ன மறுநாளே பிள்ளைகள் சரியாகப் பாடினார்கள். 'காஹே', 'ஜய காதா' இரண்டிலும் 'காந்தி'யின் கா. 'காது' என்பதில் வரும் கா இல்லை.

ஸ்ருதியை முதலிலேயே உயரமாக எடுத்தால் கடைசியில் கத்தல்தான் மிஞ்சும். 'ஜய ஹே' மேல் ஸட்ஜம், அதாவது மேல் 'ஸ' வரை போகும். அதனால் அசெம்பிளிக்கு முன்னால் முதலில் அந்த 'ஜய ஹே'யை மட்டும் பாட வைத்துப் பாருங்கள். குரல் உடைகிற எட்டாம் வகுப்புப் பையன்களுக்கும் அது எட்டினால், அந்த ஸ்ருதியிலேயே 'ஜன கண' எடுங்கள்.