மண்ணுக்குக் கைக்கணக்கு, பசளைக்குத் தேக்கரண்டி

கேள்வி: அம்மம்மா எதையும் அளக்காமல் சாடி நிரப்புவார், செடி செழிக்கும். நான் குறிப்பில் உள்ளபடி அளந்து கலந்தும் மண் இறுகிவிடுகிறது. எங்கே பிழை? (கிளிநொச்சி)

அம்மம்மாவும் அளந்துதான் இருப்பார், விரலால். உங்கள் குறிப்பு எந்த ஊர் மண்ணுக்கு எழுதப்பட்டதோ! முல்லைத்தீவுக் கரையோர மணலுக்கும் வவுனியாச் செம்மண்ணுக்கும் ஒரே பங்கு சரிவராது. மணலில் ஊற்றும் தண்ணீர் பசளையையும் கூட்டிக்கொண்டு ஓடிவிடும். செம்மண்ணோ நாலு தரம் தண்ணீர் கண்டதும் சாடிக்குள் செங்கல்லாகிவிடும். தோட்டத்தில் மண்புழு அதைத் துளைத்து வைக்கிறது. சாடியில் அந்த வேலைக்கு ஆளில்லை.

நான் தொடங்குவது மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூளும் உமிக்கரியும் சேர்த்து ஒரு பங்கு. தும்புத்தூளில் உப்பு இருக்கலாம். ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள். அப்புறம் கலவையை ஈரமாக்கி ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டை பிடிபட்டு, பெருவிரலால் தட்டியதும் உதிர்ந்தால் சரி. களிபோல ஒட்டினால் உமிக்கரியைக் கூட்டுங்கள். பிடிபடவே மறுத்தால் இன்னும் கொஞ்சம் எருவும் ஒரு கை குளத்து வண்டலும். நாலைந்து சாடி நிரப்பினால் உங்கள் கைக்கும் அந்தப் பதம் பிடிபட்டுவிடும்.

கேள்வி: தச்சுப்பட்டறை மரத்தூளை மண்ணோடு கலந்தேன். கத்தரி இலையெல்லாம் மஞ்சள். (மாங்குளம்)

பச்சை மரத்தூள் மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள நைதரசனைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி. மரத்தூளை எருவோடு குவித்து, மாதக்கணக்கில் மக்கவிட்டுப் போடுங்கள். இப்போதைக்கு மாட்டெரு ஊறிய தண்ணீரை வெளிறிய தேநீர் நிறத்துக்கு ஐதாக்கி வாரம் ஒருமுறை ஊற்றலாம். உமியென்றால் கரியாக்குங்கள். கறுப்பாக இருக்கும்போதே தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். வெள்ளைச் சாம்பலாகிவிட்டால் அது வேறு சாமான்.

கேள்வி: ஒரு பிடி யூரியாதான் போட்டேன். மிளகாய்க் கன்று கருகிவிட்டது. அப்பா வயலுக்குக் கையால்தானே வீசினார்? (புதுக்குடியிருப்பு)

வீசினார். அந்தக் கை ஏக்கர்க்கணக்கில் பரந்து விழுந்தது. கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் வயல் தாங்கும். சாடியில் உங்கள் பிழை முழுவதும் ஒரே செடியின் தலையில். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். இவ்வளவும் சாடிக்குள் கரைந்தால் மண் உப்பு மிகுந்ததுபோல ஆகிவிடும்; அதில் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, வேரே வெந்துபோகும். இதில் கைராசியை நம்பாதீர்கள். 10 லீற்றர் வாளித் தண்ணீருக்குத் தட்டையாக ஒரு தேக்கரண்டி, ஈரமான மண்ணில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கன்று இன்னும் முழுதாகச் சாகவில்லையென்றால் கீழால் ஓடும்வரை நல்ல தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவுங்கள், இரண்டு மூன்று தரம்.

இயற்கை எருவென்றால் சுடாது என்ற நினைப்பும் வேண்டாம். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்ட நேரம், நானே கூட்டிலிருந்து அள்ளிய பச்சைக் கோழியெருவைத் தக்காளிக்கு வைத்தேன். மூன்றாம் நாள் இலையோரம் எல்லாம் கருகல். கோழியெருவை மக்கவைத்துத்தான் போடவேண்டும்.

கேள்வி: தண்ணீர் வடிய அடியில் கல் நிரப்பலாமா?

வேண்டாம். கல்லுக்கு மேலுள்ள மண் ஊறி நிறையும்வரை தண்ணீர் கீழே இறங்காது. வேருக்குரிய இடம்தான் குறையும். துளையை மூட ஒரு ஓட்டுத்துண்டு போதும்.

கேள்வி: மண்ணின் மேல் வெள்ளையாகப் படிகிறது. சாம்பல் போட்டால் போகுமா? (செட்டிகுளம்)

போகாது, கூடும். கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பும் மிஞ்சிய பசளை உப்பும்தான் பெரும்பாலும் அப்படிப் படியும். சாம்பலும் காரமானது. மேல்மண்ணைச் சுரண்டி எறியுங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் சாடியை முற்றத்துக்குத் தள்ளிவிடுங்கள், மழை கழுவிவிடும். ஆனால் நல்ல சத்தும் அதோடு போய்விடும், ஆகையால் மழை விட்டதும் ஒரு சிரட்டை மக்கிய எரு போடுங்கள்.