வரலாறும் கேமராவும் ஒரே வகுப்பில்

அன்புள்ள ஐயா,

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் திரைப்படத்தை விருப்பப் பாடமாக இவ்வாண்டு முதல் கற்பித்து வருகிறேன். முதல் பருவத்தில் சினிமா வரலாறு, இரண்டாம் பருவத்தில் குறும்படத் தயாரிப்பு என்று பிரித்திருந்தேன். மௌனப்படங்களைத் திரையிட்டால் சில நிமிடங்களிலேயே மாணவர்களின் கவனம் சிதறிவிடுகிறது, சிலர் சிரிக்கிறார்கள். வரலாற்றைச் சுருக்கிவிட்டு நேரடியாகப் படமெடுக்கப் போய்விடலாமா? ஆண்டு இறுதியில் ஒரு குறும்படம் தயாராக வேண்டும் என்று பள்ளி எதிர்பார்க்கிறது.

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வரலாற்றைச் சுருக்க வேண்டாம்; அதைத் தனிப் பருவமாகப் பிரித்ததை மட்டும் கைவிடுங்கள். கேமராவைக் கையில் எடுத்திராத மாணவருக்கு, சினிமாவின் தொடக்க ஆண்டான 1895 என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய ஓர் எண். அன்று படமெடுத்தவர்கள் எந்தச் சிக்கலை எதிர்கொண்டார்களோ அதை முதலில் அவரிடம் கொடுத்து, அவர் தம்மால் இயன்றதைச் செய்து முடித்த பிறகு அந்தப் படத்தைக் காட்டினால், தமக்கு முன் அதே வேலையைச் செய்த ஒருவர் கண்ட விடையாக அதைப் பார்ப்பார்.

சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் படமெடுக்கும் கருவியில் ஏறக்குறைய 17 மீட்டர் படச்சுருள்தான் அடங்கும். அது சுமார் 50 விநாடிகளில் ஓடி முடிந்துவிடும். இதையே முதல் பயிற்சியின் விதியாக வையுங்கள். கைபேசியை முக்காலியில் நிறுத்தி, அசைக்காமல், ஒலியில்லாமல், வெட்டில்லாமல் 50 விநாடிகள், ஒரே ஒரு முறை. பிரான்சில் சினிமாத்தேக் பிரான்சேஸ் என்ற திரைப்படக் காப்பகம் வளர்த்தெடுத்த பள்ளித் திட்டத்தில் 'லூமியேர் நிமிடம்' என்ற பெயரில் கொடுக்கப்பட்ட பயிற்சிதான் இது. எங்கே நிற்பது, எப்போது தொடங்குவது என்ற இரண்டு முடிவுகளுக்குள்ளேயே படம் இயக்குவதன் பெரும்பகுதி அடங்கியிருப்பதை மாணவர்கள் அப்போது உணர்வார்கள். அதன் பிறகு, 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் திரையிடப்பட்ட, தொழிலாளர்கள் ஆலையிலிருந்து வெளியேறும் படத்தைக் காட்டுங்கள். அதற்கு மூன்று வடிவங்கள் கிடைக்கின்றன: ஒன்றில் குதிரை இல்லை, ஒன்றில் ஒரு குதிரை, மற்றொன்றில் இரண்டு. நடந்ததை நடந்தபடியே பதிவு செய்தது என்று நாம் நம்பும் படமும் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டிருக்கிறது என்பதை மாணவர்கள் தாமாகவே கண்டறியட்டும்.

அடுத்ததாக, என் கணிப்பில் உங்கள் வகுப்புக்கு மிகவும் பயன்படக்கூடியது அமெரிக்க இயக்குநர் எட்வின் போர்ட்டர் 1903இல் வெளியிட்ட, அமெரிக்கத் தீயணைப்பு வீரரைப் பற்றிய படம். ஒருவர் கதவைத் திறந்து அறைக்குள் நுழைவதை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் எடுத்து இணைக்கும்படி மாணவர்களிடம் சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லோருமே கை கைப்பிடியைத் தொடும் இடத்தில் வெட்டுவார்கள். போர்ட்டரோ தாயும் குழந்தையும் மீட்கப்படும் நிகழ்ச்சி முழுவதையும் அறைக்குள்ளிருந்து ஒரு முறை காட்டிவிட்டு, அதே நிகழ்ச்சியைத் தெருவிலிருந்து மறுபடியும் முதலிலிருந்து காட்டுகிறார். உள்ளும் வெளியும் மாறி மாறி வருமாறு வெட்டப்பட்ட ஒரு பிரதியும் உண்டு. அதையே மூலம் என்று பல்லாண்டுகள் நம்பியவர்கள், போர்ட்டர் அக்காலத்திலேயே இன்றைய படத்தொகுப்பைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எழுதினார்கள். பதிப்புரிமைக்காக ஒப்படைக்கப்பட்டு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருந்த, படத்தைக் காகிதச் சுருளில் அச்சிட்ட பிரதியே அந்த நம்பிக்கையை மாற்றியது. இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். மாணவர்கள் இயல்பானது என்று கருதும் வெட்டு யாரோ சிலர் படிப்படியாக உருவாக்கிய வழக்கம் என்பதும், சினிமா வரலாறு சான்றுகளைக் கொண்டு திருத்தி எழுதப்படுவது என்பதும் அந்த ஒரே வகுப்பில் புரிந்துவிடும்.

சிரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மௌனப்படங்களில் பல நொடிக்கு 16 முதல் 20 சட்டகங்கள் (பிரேம்கள்) என்ற அளவில் எடுக்கப்பட்டவை. அவற்றைப் பிற்காலத்தில் வழக்கமான 24 சட்டக வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள். சரியான வேகத்தில் மீட்டெடுக்கப்பட்ட பிரதிகளைத் தேடிக் காட்டினால் அச்சிரிப்பில் பெரும்பகுதி நின்றுவிடும்.

படமெடுக்கும்போது டேக்குகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதியுங்கள். ரஷ்யாவில் உள்நாட்டுப் போரால் படச்சுருள் கிடைக்காத ஆண்டுகளில், இயக்குநரும் திரைப்பட ஆசிரியருமான லெவ் குலெஷோவின் மாணவர்கள் ஒவ்வொரு ஷாட்டையும் திட்டமிட்டு, சுருளே இல்லாமல், படங்களை மேடையில் நடித்துப் பழகினார்கள். வரம்பில்லாத கைபேசி கையிலிருக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் திட்டமிடல் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. முதல் பயிற்சிகளில் பின்னணி இசைக்கும் இடம் தராதீர்கள். தாங்கள் எடுத்த காட்சியில் இல்லாத உணர்ச்சியை யாரோ அமைத்த இசையிலிருந்து இரவல் வாங்கும் பழக்கம் இந்த வயதில் மிக எளிதாக ஒட்டிக்கொள்கிறது. பொறுப்புகளையும் ஒவ்வொரு பயிற்சிக்கும் மாற்றுங்கள். இல்லையென்றால் குரல் உயர்ந்தவரே எப்போதும் இயக்குநராக இருப்பார்; அமைதியானவர் கடைசிவரை முக்காலியைச் சுமப்பார்.

பள்ளி எதிர்பார்க்கும் குறும்படத்தைப் பொறுத்தவரை, நிர்வாகத்திடம் இப்போதே பேசிவிடுங்கள். அந்த ஒரு படமே இலக்காகிவிட்டால், திறமையுள்ள நால்வர் அதைச் செய்ய, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரின் 50 விநாடிப் படத்தையும், குழுக்கள் எடுத்த கதவுக் காட்சிகளையும் திரையிட்டு, கேமராவை ஏன் அங்கே வைத்தோம், ஏன் அங்கே வெட்டினோம் என்று அவர்களே பெற்றோர்முன் விளக்கட்டும். மதிப்பெண்ணையும் அந்த விளக்கத்துக்கே கொடுங்கள்.